வெளிமாநிலத்துத் தத்துப் பிள்ளை: அழைத்து வருவதும் வீட்டில் முதல் 60 நாளும்

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். ஒருநாள் ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்து நிற்கும். எந்த மாநிலமானாலும் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் குழந்தை ஒடிசாவிலோ ஜார்க்கண்டிலோ மகாராஷ்டிராவிலோ இருக்கலாம். பதிவு செய்வது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. படம் வந்த பிறகு என்ன செய்வது, கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உள்ள வீட்டுக்குப் பிள்ளை வந்த பிறகு என்ன செய்யக்கூடாது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன்.

1. நாள் கணக்கு: 48 மணி, 30 நாள், 10 நாள்

படம் வந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள், குழந்தை இருக்கும் தத்து மையத்துக்கு நேரில் போய்ப் பார்த்து, ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் 10 நாளுக்குள், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை உங்களிடம் ஒப்படைப்பார்கள். கலெக்டரின் தத்து உத்தரவு பிறகுதான் வரும். உத்தரவு கையில் வந்தால்தான் குழந்தையைத் தருவார்கள் என்று நினைத்து, விடுப்பையும் டிக்கெட்டையும் தள்ளிப் போடுகிறவர்கள் அதிகம். பார்ப்பது, கையெழுத்து, ஒப்படைப்பு மூன்றும் ஒரே பயணத்தில் முடியுமா என்று மையத்திடம் போனில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அந்த 48 மணி நேரத்தில் மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்ல ஒரு குழந்தை மருத்துவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தேடினால் கிடைக்கமாட்டார். படம் வருவதற்கு முன்பே ஒருவரிடம் பேசி, அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: இருவரின் ஆதார், பான், பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டு ஆய்வறிக்கையின் (சமூகப் பணியாளர் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதியது) நகல். அசலோடு மூன்று செட் நகல், ஆளுக்கு எட்டு பாஸ்போர்ட் அளவுப் படம். வீட்டு ஆய்வறிக்கைக்கு ஆயுள் மூன்று வருஷம். காத்திருந்த காலத்தில் அது காலாவதியாகிவிடவில்லையே என்று பாருங்கள். உறுதிமொழிப் பத்திரத்தை எந்த மதிப்பு முத்திரைத் தாளில், எந்த ஊரில் வாங்குவது என்று மையத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. இங்கிருந்து எழுதிக்கொண்டு போய் அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் போய்விடும்.

பணம்: வீட்டு ஆய்வுக்கு 6,000, தத்துக்குப் பின் வீட்டைப் பார்வையிட வரும் நான்கு வருகைக்குத் தலா 2,000, மையத்துக்கான குழந்தைப் பராமரிப்பு நிதி. விதிப்படி கட்ட வேண்டியது எல்லாம் சேர்த்து 70,000 ரூபாயைத் தாண்டாது. ரசீது இல்லாமல், நன்கொடை என்ற பெயரில் எதையும் கொடுக்காதீர்கள். இதைத் தவிர பயணம், அறை வாடகை, வந்ததும் செய்யும் ரத்தப் பரிசோதனைகள், சம்பளம் இல்லாத விடுப்பு என்று செலவு வரும். பெரிய செலவு விடுப்புதான். தத்து விடுப்பு வேலை பார்க்கும் இடத்தையும் குழந்தையின் வயதையும் பொறுத்து மாறுவதால், அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இருவரில் ஒருவராவது 60 நாள் முழுக்க வீட்டில் இருக்க முடியாவிட்டால் கீழே சொல்லும் பாதி விஷயம் நடக்காது.

2. வேன் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்

நம் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் பத்துப் பேர் கிளம்புவது வழக்கம். அப்பாயி, அம்மாயி, சித்தப்பா, அத்தை மகன் என்று ஒரு கூட்டமே மையத்து வாசலில் இறங்கினால், குழந்தைக்கு அன்றைக்குப் பத்து அந்நிய முகம். அதில் அம்மா யார், அப்பா யார் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? நீங்கள் இருவர் மட்டும் போங்கள். மொழிக்கு ஆள் வேண்டுமானால் அந்த ஊரிலேயே ஒருவரை ஏற்பாடு செய்யலாம்.

கிளம்ப ஒரு வாரம் முன்பு மையத்துக்குக் கூரியரில் இரண்டு பொருள் அனுப்புங்கள். ஒன்று, சிறு படப் புத்தகம். அம்மா, அப்பா, இருவரும் சேர்ந்து, வீட்டு வாசல், படுக்கும் இடம், வீட்டு மாடோ நாயோ என ஆறு படம் போதும். லேமினேஷன் செய்து அனுப்புங்கள், பிள்ளை வாயில் வைக்கும். இரண்டாவது, நீங்கள் நான்கு ராத்திரி போர்த்திப் படுத்த, துவைக்காத பருத்திப் புடவையோ துண்டோ. குழந்தையின் படுக்கையில் அதைப் போடச் சொல்லுங்கள். உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

3. மையத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

கையெழுத்து அவசரத்தில் எல்லாரும் கோப்பைத்தான் பார்ப்பார்கள். கோப்பில் இல்லாததை அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் கேட்க வேண்டும். மேலாளரைவிட அவருக்குத்தான் விஷயம் தெரியும். கேட்க வேண்டியவை:

எந்த மாவுப்பால், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, பாட்டிலா கிண்ணமா? பாட்டில் என்றால் நிப்பிளில் எத்தனை துளை? இருக்கும் நிப்பிளையே விலை கொடுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள். வேறு நிப்பிளில் குடிக்காத பிள்ளை உண்டு. மல்லாந்து தூங்குமா, ஒருக்களித்தா? கையைச் சூப்புமா? தூங்கவைக்கத் தட்டுவார்களா, முதுகிலா தொடையிலா? குளியல் வெந்நீரா பச்சைத்தண்ணீரா? எதைக் கண்டால் பயம்? எந்தக் குழந்தையோடு ஒட்டுதல்? தண்ணீர், பால், சோறு, வலி, கக்கூஸ் இதற்கெல்லாம் என்ன சொல்லும்?

அந்த ஆயா பேசும் இரண்டு மூன்று வாக்கியத்தையும், தூங்கவைக்கும்போது முணுமுணுப்பதையும் அவர் சம்மதத்தோடு கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். குழந்தை போர்த்தும் துணியை, துவைக்காமல், கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டெட்டால் போட்டு அலசக் கை துறுதுறுக்கும். இரண்டு வாரம் பொறுங்கள், பிள்ளைக்கு அது ஒன்றுதான் பழைய பொருள். உடம்பில் சிரங்கு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

4. அந்த ஊரில் தங்கும் நாட்கள்

மையம் அனுமதித்தால் குறைந்தது மூன்று நாள் தங்குங்கள். அறை மையத்திலிருந்து கால் மணி நேரத் தூரத்துக்குள், கெட்டில் வசதியோடு இருக்கட்டும். கையெழுத்துக்காக இழுத்தடிப்பது சகஜம் என்பதால் இரண்டு நாள் கூடுதலாகவே பதிவு செய்துவிடுங்கள்.

முதல் நாள் குழந்தையைத் தூக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், ஆயா ஊட்டும்போது பக்கத்தில் இருங்கள். அடுத்த நாள் ஆயா பக்கத்தில் இருக்க நீங்கள் ஊட்டுங்கள். அதற்கடுத்த நாள் குளிப்பாட்டித் தூங்கவையுங்கள். அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மையத்தில் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மீசை, கனத்த குரல், உயரம் மூன்றும் குழந்தைக்குப் புதுசு. உங்களைப் பார்த்து அலறினால் அது உங்கள் மேல் வெறுப்பு அல்ல. எதிரே நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். அதுவாக வரும். அரை மணி நேரம் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம்.

ஒப்படைக்கும் நாளில் ஆயாவிடம் குழந்தையை உங்கள் கையில் அவரே கொடுக்கச் சொல்லுங்கள், அதன் மொழியில் சொல்லிவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அழும் என்று பயந்து, தூங்கும்போது தூக்கிக்கொண்டு கிளம்புவது பெரிய தப்பு. கண் விழித்தால் தெரிந்த உலகம் முழுக்கக் காணாமல் போயிருக்கும். அதற்குப் பிறகு தூங்கவே பயப்படும்.

5. திரும்பும் பயணம்

ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஆனால் படுக்கையும் கிடைக்காது. கீழ்ப்படுக்கை இரண்டு கேட்டுப் பதியுங்கள். விமானமானால் இரண்டு வயதுக்குக் கீழே மடியில். வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். எதில் வந்தாலும் மையத்தின் ஒப்படைப்புக் கடிதமும் உறுதிமொழிப் பத்திரமும் கைப்பையில் மேலாக இருக்க வேண்டும். உங்கள் சாயலே இல்லாத, உங்கள் மொழி புரியாத ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது, நீங்கள் சமாதானம் செய்ய முடியாமல் திணறுகிறீர்கள் என்றால், பக்கத்து இருக்கைக்காரர் ரயில்வே போலீசைக் கூப்பிடுவது நியாயம்தான். கோபப்படாமல் காகிதத்தைக் காட்டுங்கள்.

சென்னையில் இறங்கி ஒரு ராத்திரி உறவினர் வீட்டில் தங்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அது இன்னொரு புது வீடு, இன்னும் ஐந்து புது முகம். அன்று இரவே உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியும் நேரத்துக்கு டெல்டாவில் இறங்கிவிடலாம். வழியில் வயிற்றுப்போக்கு வரும் என்றே வைத்துக்கொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு, மாற்றுத்துணி எட்டு, பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வாசலில் யார் நிற்கலாம்

ஆரத்தி எடுக்க ஒருவர் போதும். தெருவே கூடி நின்று, சுடரும் சிவப்புத் தண்ணீரும் முகத்துக்கு எதிரே சுற்றினால், இரண்டு நாள் பயணத்தில் களைத்த பிள்ளை என்ன செய்யும்?

பிறகு வரும் 60 நாளுக்கும் ஒரே விதி. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, துடைப்பது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது ஐந்தையும் அம்மா அப்பா இருவர் மட்டும் செய்ய வேண்டும். பார்க்க வருகிறவர்கள் கால் மணி நேரம் இருக்கலாம், பேசலாம், தின்பண்டம் கொண்டு வந்தால் அதை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும். தூக்கக்கூடாது.

ஏன் இவ்வளவு கறார் என்று பெரியவர்கள் கேட்பார்கள். மையத்தில் ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டு ஆயாக்கள். யார் கை கிடைத்தாலும் அதில் போய் ஒட்டிக்கொண்டால்தான் பால் கிடைக்கும் என்று குழந்தை கற்றிருக்கிறது. அதனால் வந்த முதல் வாரம் யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே போகும். "சமத்துப் பிள்ளை, வேத்துமுகமே இல்ல" என்று தெருவில் மெச்சுவார்கள். மெச்ச வேண்டிய விஷயமே இல்லை அது. தனக்கென்று யாரும் இல்லாத பிள்ளைதான் எல்லாரிடமும் போகும். ஒரு நாள் நீங்கள் கொல்லைக்குப் போனதும் அழுகிறது, பக்கத்து வீட்டு அக்கா கை நீட்டினால் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது என்றால், அன்றைக்குத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

மாமியாரிடமும் மாமனாரிடமும் மனோதத்துவம் பேசி ஜெயிக்க முடியாது. "டாக்டர் சொல்லியிருக்காரு அத்தை, ரெண்டு மாசத்துக்கு நாங்க ரெண்டு பேர்தான் தூக்கணுமாம்" என்று சொன்னால் வாதம் முடிந்தது. அந்த மருத்துவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள், அவரும் ஒத்துக்கொள்வார். வீட்டோடு இருக்கும் அப்பாயிக்கு நிச்சயம் மனசு சங்கடப்படும். அவருக்கு அடுப்படி, துணி, வருகிறவர்களைச் சமாளிப்பது என்று பொறுப்பு கொடுங்கள். உண்மையில் அதுதான் பெரிய உதவி. நான்காவது வாரத்திலிருந்து நீங்கள் பக்கத்தில் இருக்க அவர் விளையாட்டுக் காட்டட்டும். உள்ளங்கையில் பருப்பு கடைந்து கிச்சுகிச்சு மூட்டுவதில் அவரை மிஞ்ச யாராலும் முடியாது.

மொட்டை, காதுகுத்து, பெயர் சூட்டு விழா மூன்றையும் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். வைத்தீஸ்வரன் கோயிலும் சுவாமிமலையும் அங்கேயேதான் இருக்கப் போகின்றன. புது அப்பா மடியில் உட்காரவைத்து, ஆட்டாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ கத்தியை வைத்தால், அந்த மடி பாதுகாப்பான இடம் என்று பிள்ளை எப்படி நம்பும்?

படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மையம் கொடுத்த பின்னணி அறிக்கை குடும்பக் குழுவில் ஒரு தடவை போய்விட்டால் திரும்ப அழிக்க முடியாது. பெற்றவளைப் பற்றிய விஷயம் அந்தப் பிள்ளையின் சொத்து. முதலில் தெரிய வேண்டியது அதற்குத்தான், அதன் பெரியம்மாவுக்கு அல்ல.

7. பால், சோறு, ஒளித்துவைத்த இட்லி

முதல் இரண்டு வாரம் மையத்தில் கொடுத்த அதே மாவுப்பாலையே கொடுங்கள். மாற்ற வேண்டுமானால் பிறகு நான்கில் ஒரு பங்கு புதுசு, மூன்று பங்கு பழசு என்று தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போங்கள். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி என்று இருக்கும். உங்கள் டப்பாவைப் படித்துப் பாருங்கள். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டு அப்புறம் மாவு. பிள்ளை இளைத்திருக்கிறது என்று ஒரு கரண்டி கூடப் போடுவது வயிற்றைக் கெடுக்கும். பக்கத்து வீட்டில் கறந்த பால் கிடைத்தாலும் ஒரு வயது வரை அதைப் பிரதான உணவாகக் கொடுக்க வேண்டாம். தேன் ஒரு வயதுக்குக் கீழே தொட்டு நாக்கில் வைக்கவும் கூடாது.

பாட்டிலைப் பிள்ளையே பிடித்துக் குடிக்கும். சில மையங்களில் மடித்த துணிமேல் பாட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார்கள், அதில் வந்த பழக்கம். "தானா குடிக்குது" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளையானாலும் மடியில் சாய்த்து, முகம் ஒரு சாண் தூரத்தில் தெரிய, நீங்களே பிடித்துக் கொடுங்கள். முதலில் முகத்தைத் திருப்பும். கண்ணைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பத்துப் பதினைந்து நாளில் ஒரு நொடி பார்க்கும், பிறகு மூன்று நொடி. ஒட்டுதல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விளைகிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை பால் என்றால் ஆறு வாய்ப்பு, அதை மற்றவர் கையில் கொடுக்காதீர்கள்.

சோறு சாப்பிடும் பிள்ளைக்கு நம் வீட்டுக் காரமும் புளியும் தாங்காது. குழைந்த பருப்புச் சோறு, உருளைக்கிழங்கு மசியல், வாழைப்பழம், வடக்கிலிருந்து வந்ததென்றால் பாலில் ஊறிய சப்பாத்தி. ஒடிசாப் பிள்ளைக்குப் பொரி தெரிந்த பண்டம். அங்கே அதற்குப் பெயர் 'முடி', குழம்பிவிடாதீர்கள். வாந்தி எடுக்கும் வரை தின்பது, தட்டு காலியானதும் அலறுவது, தலையணை உறைக்குள் அரை இட்லி ஒளித்துவைப்பது இதெல்லாம் வரும். எறும்பு வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். திட்டவும் வேண்டாம், உணவை உயரத்தில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். கைக்கு எட்டும் இடத்தில் மூடி போட்ட ஒரு டப்பா, அதில் எப்போதும் வாழைப்பழமும் ரொட்டியும். காலியாவதைக் குழந்தை பார்க்கும் முன் நிரப்புங்கள். சாப்பாடு தீர்ந்துபோகாது என்று வயிறு நம்பச் சில வாரம் ஆகும், சில பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகும். வேர்க்கடலை மட்டும் அதில் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

8. ராத்திரி

பத்துப் பதினைந்து கட்டில், எரியும் டியூப்லைட், ஓடும் மின்விசிறி, யாராவது ஒருவரின் அழுகை என்று கூட்டத்துக்கு நடுவே தூங்கிய பிள்ளை அது. வயல் ஓரத்து வீட்டின் இருட்டும் தவளைச் சத்தமும் அதற்குப் பயம். விளக்கைச் சின்னதாக எரியவிடுங்கள். உங்கள் அறையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், தனிப் படுக்கை. ஒரு வயதுக்குக் கீழே மல்லாந்துதான், தலையணை இல்லாமல்.

புடவைத் தூளி கட்டித்தான் ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் மாதம் வேண்டாம். தூளிக்குள் உங்கள் முகம் தெரியாது. எழுந்து நிற்கப் பழகிய பிள்ளைக்கு அது ஆபத்தும்கூட. நெஞ்சில் சாய்த்துத் தூங்கவைத்துவிட்டுப் படுக்கையில் போடுங்கள்.

ராத்திரி நான்கைந்து முறை விழிக்கும். அழாமல் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தால் இன்னும் கவனம் தேவை. அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று கற்ற பிள்ளைதான் சத்தமில்லாமல் கிடக்கும். விழித்திருப்பது தெரிந்ததும் பேசுங்கள், தொடுங்கள். அழவிட்டுப் பழக்குவதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. தலையை ஆட்டுவது, சுவரில் முட்டுவது, உடம்பை முன்னும் பின்னும் அசைப்பது தன்னைத் தானே சமாதானம் செய்யும் பழக்கம். பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

9. மொழி

தண்ணீருக்கு ஒடியாவிலும் மராட்டியிலும் 'பாணி', இந்தியில் 'பானி'. சோற்றுக்கு ஒடியாவில் 'பாத'. பாலுக்கு ஒடியாவில் 'கீர'. "கீர, கீர" என்று அழும் பிள்ளைக்கு முளைக்கீரை மசித்து ஊட்டப் பார்ப்பது இங்கே நடக்கக்கூடியதுதான். உங்களை 'மௌசி' என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள். சோறு ஊட்டுகிறவளுக்கு அங்கே அதுதான் பெயர். நீங்கள் "அம்மா தர்றேன், அம்மா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

முதல் வாரம் அவர்கள் சொல்லையும் நம் சொல்லையும் அடுத்தடுத்து: "பாணி, தண்ணி". ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். தொடர்ந்து தமிழில் பேசித் தள்ளினால் பிள்ளை காதை மூடிக்கொள்ளும். மையத்தில் வைத்த பெயரை உடனே மாற்றிவிடாதீர்கள். தன்னுடையது என்று அது கொண்டு வந்ததில் பெயரும் ஒன்று. புதுப் பெயரைப் பின்னால் சேர்த்துக் கூப்பிட்டுப் பழக்கலாம்.

10. மருத்துவர்

வந்த ஒரு வாரத்துக்குள் போங்கள். மையத்து அறிக்கையில் உள்ள பரிசோதனைகளைத் திரும்பச் செய்வது நல்லது: ரத்த அணு, ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, பால்வினை நோய்க்கான சோதனை, தைராய்டு, மலம், காசநோய். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிராப் பிள்ளை என்றால் அரிவாள் செல் சோதனை உண்டா என்று கேளுங்கள். நம் பக்கத்து மருத்துவர்கள் அதிகம் பார்க்காத நோய், தானாக நினைவுக்கு வராது. இடுப்பிலும் புட்டத்திலும் நீலத் திட்டு இருந்தால் அடித்த தழும்பு என்று பதறாதீர்கள், பெரும்பாலும் பிறவி மச்சமாக இருக்கும். மருத்துவரைக் கொண்டு குறிப்பேட்டில் எழுதவைத்துவிடுங்கள்.

விரலிடுக்கில், மணிக்கட்டில், ராத்திரி சொறிகிறது என்றால் சிரங்காக இருக்கலாம். மருத்துவர் பெர்மெத்ரின் களிம்பு எழுதினால் பிள்ளைக்கு மட்டும் தடவிப் பயனில்லை. வீட்டில் உள்ள அனைவரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணியைக் கொதிநீரில் அலச வேண்டும். அந்தப் பழைய போர்வையையும் இப்போது அலசித்தான் ஆக வேண்டும்.

தடுப்பூசி அட்டையைப் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால், விட்டுப்போனதைக் கிராம சுகாதார செவிலியர் பார்த்துச் சொல்வார். ஊசி போடும்போது குழந்தையை நீங்கள் அணைத்துக்கொண்டிருங்கள், கை காலைப் பிடிக்கும் வேலை செவிலியருடையது. வயது மாதக்கணக்கில் முன்பின்னாக இருக்கலாம். பிறந்த தேதி பலருக்கு உத்தேசம்தான் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

வலித்தாலும் அழாமை, இரண்டு மாதம் ஆகியும் கண்ணைப் பார்க்காமை, பெயருக்குத் திரும்பாமை, கற்ற சொல்லை இழப்பது: இதில் எது இருந்தாலும் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும், உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போங்கள்.

11. வாய்க்கால்

நான்கு சுவருக்குள் வளர்ந்த பிள்ளைக்கு ஆறு என்றால் என்னவென்றே தெரியாது. வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணை, பிறகு கிளையாறு, பிறகு உங்கள் கொல்லைக்குப் பின்னால் உள்ள வாய்க்கால். மே மாதம் காய்ந்து கிடந்த பள்ளம் ஜூலையில் இடுப்பளவு ஓடும். யார் பின்னாலும் போகிற பிள்ளை, தண்ணீரைப் பார்த்து ஓடுகிற பிள்ளை. வரும் முன்பே கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், கிணற்றுக்குக் கம்பி மூடி, பம்புசெட் தொட்டிக்கு வேலி. ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு இந்த வருஷம் போக வேண்டாம். தவிலும் வாணவேடிக்கையும் தூரத்திலிருந்தே கேட்கட்டும்.

12. உங்கள் மனசு

பிள்ளையைக் கண்டதும் பாசம் பொங்கவில்லையா? யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போலிருக்கிறதா? நிறையப் பேருக்கு அப்படித்தான், வெளியே சொல்லமாட்டார்கள். "பெத்தவளுக்குத்தான் உடம்பு வலி, உனக்கென்ன" என்று வேறு ஒருத்தி சொல்லிவிட்டுப் போவாள். ஊட்டுவதும் தூக்குவதும் முதலில் கடமையாக நடக்கட்டும், பாசம் பின்னால் வந்து சேரும். ராத்திரி 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை மற்றவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒருவரிடம் மட்டும் ஒட்டி மற்றவரைத் தள்ளினால், தள்ளப்பட்டவர் குளியலையும் விளையாட்டையும் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் அழுகை வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

13. பிறகு வரும் காகிதங்கள்

மையம் இருக்கும் மாவட்டத்தின் கலெக்டர்தான் உத்தரவு போடுவார். மனு போட்டு இரண்டு மாதம் என்பது விதி. தள்ளினால் மையத்தை வாரம் ஒருமுறை போனில் கேளுங்கள். உத்தரவு வந்ததும் உங்கள் பெயரில் பிறப்புச் சான்றை மையமே வாங்கித்தர வேண்டும். பெயர், தேதி எழுத்துப்பிழையை அன்றே சரிபாருங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே ஆதார் எடுத்திருக்கிறார்களா என்று கேட்காமல் புதிதாகப் பதியாதீர்கள், இரட்டைப் பதிவு நிராகரிக்கப்படலாம். இருந்தால் திருத்தம் மட்டும். குடும்ப அட்டையில் சேர்ப்பதும் பள்ளியும் பாஸ்போர்ட்டும் தத்து உத்தரவுக்கும் பிறப்புச் சான்றுக்கும் பிறகுதான்.

இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வருவார்கள், மொத்தம் நான்கு தடவை. தேதி தவறினால் நீங்களே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தேவையில்லை. தடுப்பூசி அட்டை, எடை எழுதிய குறிப்பேடு, பிள்ளையின் நாலைந்து படம், ரசீதுக்கான 2,000 ரூபாய், இதை எடுத்து வைத்தால் போதும்.